கண்மாய்க் கரையில் வாங்கிய கைகள்

நேற்று அம்மாவுக்கு மணிக்கட்டில் மாவுக்கட்டு போட்டார்கள். ஈர மாவின் வாடை மூக்கில் ஏறியதும் உன் நினைவு வந்துவிட்டது. "கையி சுடுதுடி" என்றாள் அம்மா. "இறுகுறப்ப சுடும், ஆறிரும்" என்றேன். நீ எத்தனை பேரிடம் சொன்ன வார்த்தை அது!

கலைக் கல்லூரியில், சிற்பப் பிரிவில் நம் வகுப்பில் நாம் இருவர்தான் பெண்கள். கடைசி வருஷத் தேர்வுக்கு மற்றவர்கள் கல்லோடு மல்லுக்கட்ட, நீ அன்னவாசல் பக்கத்து உன் ஊரில் நூறு நாள் வேலைக்கு வந்த பெண்களின் கைகளை அச்செடுக்கக் கிளம்பினாய். துணைக்கு நான். கண்மாய்க் கரையில் அவர்கள் கையில் எண்ணெய் தடவி, மாவு அப்பி, அது இறுகும்வரை கதை பேசிச் சிரிக்க வைப்பாய். அந்த அச்சுகளில் வார்த்து எடுத்தவை, மண்வெட்டிப் பிடியிலேயே வளைந்துபோன முப்பத்தாறு கைகள். தேர்வன்று அவற்றைக் கல்லூரிக் கூடத்தின் வெறுந்தரையில் பரப்பி வைத்தாய்.

தேர்வாளர் சுற்றிப் பார்த்துவிட்டு, "அச்சுதானே எடுத்திருக்க? இதுல நீ செஞ்சது என்னம்மா?" என்றார். என்னைப் பார்த்தாய். நீ செய்தது என்னவென்று எனக்குத் தெரியும். ஆனால் அடுத்தது என் முறை. வாயைத் திறக்கவில்லை.

பஸ்ஸில் வரும்போது, "விடு பிள்ள. பேசியிருந்தா ஒனக்கும் மார்க்கைக் கொறைச்சிருப்பாங்க" என்றாய். திட்டியிருக்கலாம் நீ.

பிறகு நீ பொம்மைப் பட்டறைக்குப் போனாய். நான் பள்ளிக்கூடத்து டிராயிங் டீச்சர் ஆனேன். புற்றுநோய் உன்னைக் கொண்டுபோன மறுமாதம் உன் தம்பி போன் செய்தான். "அக்கா, வீட்டை இடிச்சுக் கட்டுறோம். அந்தக் கையெல்லாம் என்ன செய்ய?"

பழைய சேலையில் சுற்றி எடுத்து வந்தேன். ஒவ்வொன்றின் அடியிலும் பென்சிலால் பெயர் எழுதியிருந்தாய். ஞாயிற்றுக்கிழமைகளில் வீடு வீடாகப் போய்க் கொடுக்கிறேன். சிலர் சிரிக்கிறார்கள். ஒரு அம்மா, "பொணத்துக் கை மாதிரி இருக்கு, வேணாங்க" என்று கதவைச் சாத்திவிட்டாள்.

ஒரு வீட்டில் கைக்குரியவர் இறந்து நாளாகிவிட்டது. மகள் வாங்கிப் பார்த்தார். "எங்க ஆத்தா கைதான். சுண்டுவிரலு கோணலா இருக்கும்" என்று அந்த விரல்களுக்கு நடுவே தன் விரல்களைக் கோத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிறகு, "யாருங்க இதைச் செஞ்சது?" என்று கேட்டார். உன் பெயரைச் சொன்னேன். ஆத்தாவை நீ எப்படிப் பேசவைத்தாய், அவர் எதற்குச் சிரித்தார், எல்லாம் சொன்னேன். எவ்வளவு தாமதமாக!

இன்னும் பதினொன்று இருக்கின்றன. சிலர் ஊரைவிட்டே போய்விட்டார்கள். வெயிலில் அலைந்து முட்டி வலிக்கிறது. ஒருவர் பொன்னமராவதிப் பக்கம் மகள் வீட்டில் இருக்கிறாராம். வருகிற ஞாயிறு பஸ் ஏற வேண்டும்.