மிளாறு கிழித்த கால்

1956 ஜூலை 9

கவ்வாத்து தொடங்கிவிட்டது. மலையில் கவ்வாத்துச் சாமிக்கு வழக்கம்போல நான்தான் பூசை வைத்தேன். இனி தேயிலைச் செடிகளை வெட்டத் தடையில்லை. என் பெண்சாதி வடிவுக்கு ஒரே சிரிப்பு. நாங்கள் வெட்டிப்போடும் மிளாறுக் குச்சியெல்லாம் அவளுக்கு அடுப்பு விறகு.

ஜூலை 11

மிளாறு பொறுக்கப் போனவளுக்குக் கெண்டைக்காலில் கீறல். ஆழமில்லை. "டிஸ்பென்சரிக்குப் போயிட்டு வாரேங்க" என்றாள். "இந்தக் கீறலுக்கு டாக்டரய்யாவா? மகாராணிதான் போ!" என்று கேலி செய்தேன். சாணி மெழுகிய சாமி கல்லடி மண்ணைத் திருநீற்றோடு குழைத்து அப்பினேன். காயம் பட்டவர்கள் எல்லாருக்கும் அப்படித்தான் செய்கிறேன்.

ஜூலை 15

காய்ந்துவிட்டது. "பாத்தியா?" என்றேன். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

ஜூலை 20

காலையில் ரொட்டியைக் கடிக்க வடிவுக்கு வாய் திறக்கவில்லை. பல்வலியோ? பிறகு கழுத்தும் திரும்பவில்லை. டிஸ்பென்சரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டரய்யா காலைப் பார்த்தார். "என்னப்பா வச்ச இதுல?"

சொன்னேன். அவர் உடனே லொறியை வரச்சொன்னார்.

ஜூலை 21

ஆஸ்பத்திரியில் இருட்டறை. சின்னச் சத்தத்துக்கும் உடம்பு வில்லாக வளைகிறது. ரண ஜன்னியாம், டெட்டனஸ் என்கிறார்கள். மண்ணிலும் சாணியிலும் இருக்கும் கிருமியாம். மேலே காய்ந்தாலும் உள்ளே வளருமாம். அன்றைக்கே கழுவி ஊசி போட்டிருந்தால் —

அவ போறேன்னுதானே சொன்னா? நான்தானே சிரிச்சேன்? பாவி, நான்தானே?

ஜூலை 23

வடிவு போய்விட்டாள்.

செப்டம்பர் 2

அடுத்த காம்பராவில் குடியிருக்கும் மீனம்மா கையில் ரத்தத்தோடு வந்தாள். தகரம் கிழித்ததாம். "அண்ணே, சாமி மண்ணு கொஞ்சம் வச்சி விடுங்க."

இத்தனைக்குப் பிறகுமா? அவளோ எனக்கு ஆறுதல் சொல்கிறாள்: "அண்ணிக்கு விதி முடிஞ்சிருச்சு. ஒங்க கைமேல என்னண்ணே குத்தம்?"

அவளைத் தண்ணீர் விழும் பீலியடிக்கு இழுத்துப்போய் சோப்புப் போட்டுக் கழுவினேன். "எரியுதுண்ணே, விடுங்க!" என்று கத்தினாள். விடவில்லை. சுத்தத் துணி சுற்றி, டிஸ்பென்சரிவரை கூடவே நடந்தேன்.

டாக்டரய்யா முதலில் என்னைத்தான் பார்த்தார். "மண்ணு வச்சியா?"

"இல்லீங்கய்யா."

ஊசியை எடுக்கத் திரும்பினார். நான் வெளியே வந்து, சுவரோரம் உட்கார்ந்து அழுதேன்.