நாகலெட்சுமியிடம் நான் சொல்லவில்லை

அன்பு மகள் சுதர்ஷினிக்கு அப்பா எழுதிக்கொள்வது.

இங்கே நானும் உன் அம்மாவும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், நீயும் அந்த லண்டன் குளிரில் காய்ச்சல் தடிமன் என்று படுக்காமல் நேரத்துக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்க வேண்டுமென்று விளக்கு வைக்கும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறோம். கையில் போன் இருக்கும்போது அப்பா எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று யோசிப்பாய். போனில் சொன்னால் நீ அழுவாய், நீ அழுதால் நான் இளகிவிடுவேன், இந்தத் தடவை இளகக்கூடாது என்றிருக்கிறேன். இது உன் கைக்கு வர எப்படியும் இரண்டு கிழமையாகும், அதற்குள் நான் செய்ய வேண்டியதைச் செய்து முடித்திருப்பேன். முதலில் வீட்டு விஷயம். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, வாசற்படி ஏறும்போதெல்லாம் என்னைத் திட்டுகிறாள், படியை உயரமாகக் கட்டியது நான்தானாம். அண்ணன் யோகேஸ்வரன் கொழும்பிலிருந்து வந்து கூரைத் தகரத்துக்கு ஆணி அடித்துக் கொடுத்துவிட்டுப் போனான், இப்போது ஒழுகுவது ஒரு மூலையில்தான், அங்கே சட்டி வைத்திருக்கிறோம். நீ நட்டுவிட்டுப் போன மரத்தக்காளி காய்த்துத் தள்ளுகிறது, அம்மா லயத்து வீடுகளுக்கெல்லாம் சம்பல் அரைத்துக் கொடுக்கிறாள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். மேல் டிவிசன் நாகலெட்சுமி குளவி கொட்டிச் செத்துப் போனாள் என்று உனக்குச் சொன்னேன். அவளைப் பற்றி, மலை வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயா எழுதிய ஒரு பேப்பரில் என்னிடம் கையெழுத்துக் கேட்கிறார், அதில் இருப்பது நிஜமில்லை என்பதையும் ஞாயிற்றுக்கிழமை போனில் சொன்னேன். நிஜம் எது என்று மட்டும் சொல்லவில்லை. நீயும் கேட்கவில்லை. இப்போது எழுதுகிறேன், பாதியில் மூடி வைக்காமல் கடைசி வரைக்கும் படி.

அந்தத் திங்கட்கிழமை கொழுந்தெடுக்கிற வீரம்மா என்னிடம் வந்து, ஏழாம் நம்பர் மலையில் நம் கவ்வாத்துச் சாமி கல் இருக்கிற மரத்தில் பெரிய குளவிக்கூடு தொங்குது கங்காணி, பாத்துக்கங்க என்று சொன்னாள். குளவிக்கூட்டைக் கண்டால் ஆட்களை வேலை வாங்குகிற கங்காணி உடனே கண்டாக்குக்குச் சொல்ல வேண்டும், கூட்டை எடுக்கும்வரை அந்த மலையில் ஆள் இறக்கக்கூடாது, இது தோட்டத்துச் சட்டம். நான் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்றால் உனக்கே புரியும். அடுத்த கிழமை அந்த மலையில் தேயிலையைக் கவ்வாத்து வெட்டத் தொடங்க வேண்டும், அதற்கு முன்னால் வெள்ளிக்கிழமை சாமிக்குப் பூசை. பூசை முடியும்வரை அந்த மரத்தடியில் நெருப்பும் படக்கூடாது கத்தியும் படக்கூடாது என்பது நம் ஆட்கள் தலைமுறை தலைமுறையாக வைத்திருக்கும் முறை, பூசை போடுகிறவனும் நான்தான். கண்டாக்குக்குச் சொன்னால் அன்றைக்கே கூட்டை எரிக்கப் பந்தத்தோடு ஆள் அனுப்புவார். நாலு நாள்தானே, மரத்துப் பக்கம் யாரையும் விடாமல் பார்த்துக்கொண்டால் போச்சு என்று நானே முடிவு செய்தேன். செய்தது சரி என்றுதான் நினைத்தேன் மகள், அதுதான் இன்றைக்கும் என்னைப் போட்டு வாட்டுகிறது. களவு செய்கிறவனுக்குக்கூடத் தான் செய்வது களவு என்று தெரியும், எனக்கு எதுவும் தெரியவில்லை.

புதன்கிழமை காலைப் பெரட்டில் ஆட்களைப் பிரித்து மலைக்கு அனுப்பும்போது, மரத்துக்கு இந்தப் பக்கம் ஆறு நிரைக்குள்ளே யாரும் போகாதீங்க, குளவி இருக்கு என்று பொம்பளை ஆட்களிடம் சொன்னேன். அந்த நேரத்தில் நாகலெட்சுமி அங்கே இல்லை. கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் சாக்குகள் கிடந்தன, போய் எடுத்துவா என்று அவளை அனுப்பியவன் நான்தான். அவள் சாக்குக் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தபோது மற்றவர்கள் தூரத்து நிரைகளைப் பிடித்துவிட்டார்கள், அவள் மரத்துக்குக் கிட்ட மூன்றாவது நிரையில் இறங்கினாள். இறங்கியதை நான் பார்த்தேன். கூப்பிட வாயெடுத்தேன், அதற்குள் ரோட்டிலிருந்து கண்டாக்கு இன்றைக்கு எத்தனை பேர் என்று கேட்டு என்னைக் கூப்பிட்டார், போனேன், பேசினேன், அவளை மறந்துவிட்டேன். வீரம்மாவும் பார்த்தாளாம், கங்காணி சொல்லியிருப்பார் என்று இருந்துவிட்டாளாம். பத்து மணிபோல ஒரு பருந்து வந்து கூட்டில் அடித்தது. குளவி கலைந்து அவளை மொய்த்தது, நான் ஓடிப்போய்ப் படங்குச் சாக்கை அவள் மேல் போட்டு மூடினேன், எனக்கே பன்னிரண்டு கொட்டு, அவளுக்கு எத்தனை என்று யாரும் எண்ணவில்லை. வாகனம் இல்லை, கொழுந்து லொறி வர முக்கால் மணி நேரம். ஆஸ்பத்திரி வாசலில் உயிர் போய்விட்டது. மறுநாள் அதே மரத்தடியில் பந்தம் கொளுத்திக் கூட்டை எரித்தார்கள். பூசைக்கு இன்னும் ஒரு நாள் இருந்தது, சாமி ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது அந்தப் பேப்பர். சிங்களத்தில் இருந்தது, எனக்குப் பேசத்தான் தெரியும், வாசிக்கத் தெரியாதே, கொட்டகலைக்குக் கொண்டுபோய் இப்றாஹிம் நானாவின் கடையில் கொடுத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டு வாசித்துச் சொன்னார். எச்சரித்தும் கேட்காமல், கூடக் கொழுந்து எடுக்கும் ஆசையில் அந்தப் பெண் தடுத்த இடத்துக்குப் போனாள் என்று எழுதியிருக்கிறதாம். கீழே எச்சரித்த கங்காணி என்று என் பெயர், கந்தப்பன். நடந்ததை நானாவிடம் சொன்னேன். உங்கட நிய்யத்து, மனசுல வச்ச நோக்கம், கெட்டதில்லையே கங்காணியார், படைச்சவனுக்குத் தெரியும், ஆனா இந்தப் பேப்பர்ல கை வச்சா நிய்யத்தும் கெட்டுப் போகும் என்றார். தேத்தண்ணி கொடுத்து அனுப்பினார்.

கண்டாக்கு ஐயா கெட்ட மனிசன் என்று எழுத மாட்டேன். உன்னையும் காப்பாத்துறேன் என்னையும் காப்பாத்துறேன் கந்தப்பன், செத்தவளுக்கு இதுல என்ன நட்டம் என்று கேட்டார். நீ என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா. அப்பா, போன உயிர் திரும்பி வராது, நீங்க உண்மை சொன்னா யாருக்கு என்ன நன்மை, ஓய்வு பெற ஒன்றரை வருஷம்தான் இருக்கு, அம்மாவை நெனச்சுப் பாருங்க என்றாய். என் பிள்ளையும் கண்டாக்கும் ஒரே பாஷை பேசுவீர்கள் என்று நான் நினைக்கவில்லை. கோபித்துக்கொள்ளாதே, என் மேல் உள்ள பாசத்தில் சொன்னாய், தெரியும்.

ஆனால் உன் பாடத்தை வைத்தே உன்னைக் கேட்கிறேன். போன மாதம் தாதியர் வகுப்பில் நடந்ததை அரை மணி நேரம் எனக்கு விளக்கினாயே, நோயாளியிடம் உண்மையைச் சொல்வதா மறைப்பதா என்று. ஒரு சாரார் வரப்போகிற பலனைப் பார்த்து நல்லது கெட்டதைச் சொல்வார்கள், எத்தனை பேருக்கு நன்மை எத்தனை பேருக்குத் துன்பம் என்று பார்ப்பார்கள் என்றாய். இன்னொரு சாரார் பலன் எப்படிப் போனாலும் கடமை கடமைதான், எல்லாருக்கும் பொருந்துகிற விதியை உனக்காக வளைக்காதே என்பார்கள் என்றாய். மூன்றாவது சாரார், இதைச் செய்தால் நீ எப்படிப்பட்ட மனிசனாக ஆவாய் என்று கேட்பார்களாம். மூன்றையும் எவ்வளவு அழகாகச் சொன்னாய், அம்மாகூட அடுப்பை விட்டுவிட்டு வந்து கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை எனக்கு என்று வந்தபோது முதலாவதை மட்டும் எடுத்துக் கொடுத்துவிட்டு மற்ற இரண்டையும் பையிலேயே வைத்துக்கொண்டாய். படித்த பிள்ளை செய்கிற வேலையா இது.

நான் எட்டாம் வகுப்புப் படித்தவன், ஆனாலும் இந்த மூன்று கிழமையாக இதையேதான் யோசிக்கிறேன். நான் அன்றைக்கு விதியைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன், சாமிக்கு வைத்த விதி. அதைப் பிடித்த கையில் ஆட்களைக் காப்பாற்றும் விதியைக் கீழே போட்டுவிட்டேன். அதனால் விதி விதி என்று பேச எனக்கு வாய் கூசுகிறது. பலனைப் பார் என்கிறீர்கள், பார்க்கிறேன். கையெழுத்துப் போட்டால் எனக்கு ஓய்வுப் பணம், அம்மாவுக்கு நிம்மதி, கண்டாக்குக்கு வேலை, உனக்குத் தூக்கம். மறுபக்கத்தில் ஒருத்தி, அவளும் செத்துவிட்டாள். ஆளை எண்ணினால் நீங்கள்தான் ஜெயிப்பீர்கள். ஆனால் நீங்கள் யாரும் எண்ணாத ஒரு பிள்ளை இருக்கிறாள்.

நாகலெட்சுமியின் மகள் தனுஷிகா, உனக்குத் தெரியுமே, பத்தாம் வகுப்பு, இப்போது தாய்மாமன் இராமையா வீட்டில் இருக்கிறாள். போன சனிக்கிழமை பீலியில் தண்ணி எடுக்க நின்றாள், நான் முகம் கழுவப் போனேன். பேப்பரில் என்ன எழுதியிருக்கிறது என்பது அதற்குள் லயம் பூராவும் பரவியிருந்தது, ஆசைப்பட்டுப் போய்ச் செத்தாள் என்று நம் ஆட்களே பேசத் தொடங்கிவிட்டார்கள். அந்தப் பிள்ளை குடத்தை வைத்துவிட்டு என்னைப் பார்த்து, மாமா, நீங்க அவ்வளவு சொல்லியும் எங்கம்மா ஏன் கேக்கல என்று கேட்டாள். என்னைக் குற்றம் சொல்லிக் கேட்கவில்லை. அம்மா மேல் கோபப்பட்டுக் கேட்டாள். நான் முகம்கூடக் கழுவாமல் திரும்பி வந்துவிட்டேன். சுதர்ஷினி, இந்த வயதுக்குள் இந்தத் தோட்டத்தில் எத்தனையோ பேரிடம் திட்டு வாங்கியிருக்கிறேன், இப்படி வெட்கப்பட்டதில்லை. ஞாயிறு உன்னோடு பேசும்போதே பாதி முடிவு செய்திருந்தேன், நீ வேண்டாம் என்று சொன்னதும் மீதி ஆட்டம் கண்டது, அதுதான் நிஜம்.

திங்கட்கிழமை அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ரொம்ப நேரம் அழுதாள், வேலை போனால் லயத்தை விடச் சொல்வாங்களோ, இந்த முழங்காலை வச்சுக்கிட்டு எங்கே போறது என்றாள், பிறகு கண்ணைத் துடைத்துவிட்டு, மொதல்ல அந்தப் புள்ளைகிட்டப் போய்ச் சொல்லுங்க, அப்புறம் ஆபீஸுக்குப் போங்க என்றாள். நேற்றுப் பின்னேரம் வேலை முடிந்து இராமையா வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்றபடியே தனுஷிகாவிடம், உங்கம்மா சொல் கேக்காமப் போகலம்மா, அவகிட்ட யாரும் சொல்லல, சொல்ல வேண்டியவன் நான், சாக்கு எடுக்க அனுப்பினதும் நான்தான், எறங்குறதப் பார்த்துட்டும் கூப்பிடல என்று ஒன்றும் விடாமல் சொன்னேன். இராமையா கையை ஓங்கிக்கொண்டு வந்தார், நான் நகரவில்லை, அவராகவே கையைக் கீழே போட்டுவிட்டார். அந்தப் பிள்ளை அழவில்லை. இதை எல்லாரு முன்னாலயும் சொல்லுவீங்களா என்று கேட்டாள். சொல்லுவேன் என்றேன். சொல்லுங்க என்றாள், கதவைச் சாத்திக்கொண்டாள். மன்னித்ததாகச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை, அதைக் கேட்க எனக்கு உரிமையும் இல்லை.

நாளைக்கு வியாழக்கிழமை பத்து மணிக்கு ஆபீஸில் விசாரணை, வெளியிலிருந்து ஐயாமார் வருகிறார்கள். காலை முதல் பஸ்ஸில் கொட்டகலைக்குப் போய்த் தபால் கந்தோரில் இந்தக் கடிதத்தைப் போட்டுவிட்டு நேரே ஆபீஸுக்குப் போகிறேன். கண்டாக்குக்கு இன்று மத்தியானமே சொல்லிவிட்டேன், ஒளித்து மறைத்துச் செய்ய வேண்டாம் என்று. சரி, உன் தப்பை மட்டும் சொல்லு, லொறி கதையை எடுக்காதே என்றார். இரண்டையும் சொல்வேன் ஐயா என்றேன். வாகனம் இருந்திருந்தால் அவள் பிழைத்திருப்பாளோ என்னவோ, அதையும் அவர்கள் எழுதட்டும், என் தப்பைச் சொல்கிறேன் என்பதற்காக மற்றவர்கள் தப்பை நான் சுமக்க மாட்டேன். கங்காணி வேலை போகும், போகட்டும். கேஸ் வந்தாலும் வரட்டும். அண்ணனுக்கும் சொல்லிவிட்டேன், அவன் கேட்டுவிட்டு, நான் வரவா அப்பா என்றான், வேண்டாம் என்றேன். அம்மா வருவாளாம், முழங்காலோடு அந்த ஏற்றம் ஏறுவாளாம், சொன்னால் கேட்கிற ஆளா.

நீ இதைப் படிக்கும்போது எல்லாம் முடிந்திருக்கும், அதனால் பதறாதே, வேலையை விட்டுவிட்டு ஓடி வராதே. அங்கே உன்னை நம்பிக் கட்டிலில் கிடக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு நாள் உன் கையாலும் ஒரு தப்பு நடக்கலாம், சுற்றியிருக்கிறவர்கள் நல்ல மனதோடுதான் விடு விடு என்பார்கள். அப்போது அப்பாவை நினைத்துக்கொள், நான் சொல்லாமல் கழித்த மூன்று கிழமையையும் சேர்த்து நினைத்துக்கொள், அது பெருமைப்படுகிற விஷயமில்லை. பரீட்சையை நன்றாக எழுது. காலில் கம்பளி உறை போடாமல் வெளியே போகாதே. எல்லா நலமும் பெற்று, நிமிர்ந்த தலையோடு நீ நீண்ட காலம் வாழ வேண்டும், அம்மாவின் ஆசியும் என் ஆசியும் எப்போதும் உனக்கு உண்டு.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. உன் பத்தாம் வகுப்புப் புத்தகங்களைத் தனுஷிகாவுக்குக் கொடுக்கச் சொல்லி நீ முன்பு சொல்லியிருந்தாய், அம்மா துடைத்துக் கட்டி வைத்திருக்கிறாள். இப்போது கொண்டுபோக வேண்டாம் என்று நிறுத்திவிட்டேன். என் வீட்டிலிருந்து எதையும் வாங்கும் மனது அவளுக்கு இப்போது இருக்காது, வாங்கினால் என் தப்புக்கு விலை கொடுத்த மாதிரி ஆகிவிடுமோ என்றுதான் எனக்குப் பயம். அவளுக்குப் போன் செய்தால் எனக்காகப் பேசாதே. அவள் அம்மாவைப் பற்றிப் பேசு, நாகலெட்சுமி சொல் கேட்கிற பெண் என்று உனக்கும் தெரியும்.

இப்படிக்கு,
உன் அப்பா
மு. கந்தப்பன்