கூட்டல் குறி

மார்ச், செவ்வாய்க்கிழமை.

யூடியூபில் போட்ட லென்ஸ் பாட வீடியோவில் கழித்தல் குறி வர வேண்டிய இடத்தில் கூட்டல் குறி போட்டு, அதை இரண்டு முறை விளக்கியும்விட்டேன். மறுநாளே கவனித்து வீடியோவுக்குக் கீழே திருத்தம் எழுதினேன். அதோடு மறந்துபோனேன்.

இன்று திருப்புதல் தேர்வுத் தாள்களைக் கொடுத்தேன். பர்வீனுக்கு லென்ஸ் கணக்கில் பூஜ்யம்; வீடியோவில் இருந்த அதே கூட்டல் குறி.

"கீழ திருத்தம் போட்டிருந்தேனே, பாக்கலியாம்மா?"

"வீட்ல நெட் இல்ல சார். ரேவதி போன்லேர்ந்து வீடியோவ மட்டும் ஏத்திக்கிட்டேன்."

"நெரவி ஸ்கூல் பிள்ளைங்களுக்கும் நான்தான் குடுத்தேன்" என்றாள் ரேவதி. "சாருக்கே பூஜ்யம் போடுங்க சார்."

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன்.

பர்வீனின் மதிப்பெண்ணைத் திருத்தினேன். வீடியோவை அழித்தேன். வெள்ளிக்கிழமை பொதுத்தேர்வு. நாளைக் காலை நெரவி பஸ்ஸில், யார் கைப்பேசியிலோ, நான் அந்தக் கூட்டல் குறியைப் பொறுமையாக இரண்டு முறை விளக்கிக்கொண்டிருப்பேன்.