டி. கேரிட்டி என்ற பையன்

1940 ஜூலை 9, செவ்வாய்

இது யார் கையில் கிடைத்தாலும் தயவுசெய்து மூடிவிடுங்கள். யாரிடமும் காட்டாதீர்கள். முக்கியமாக என் அப்பாவிடம். போன வருஷம் மெத்தைக்கு அடியிலிருந்த நான்கு விண்வெளிக் கதைப் பத்திரிகைகளைத் துணி வேகவைக்கும் அடுப்பில் போட்டுவிட்டார். "இன்னொரு தடவை இந்தக் குப்பையைப் பார்த்தேன், பள்ளிக்கூடம் கிடையாது. பிஸ்கட் ஃபாக்டரிக்குத்தான் போவே, டெல்சி" என்றார். சொன்னால் செய்கிறவர்.

இப்போது என்னிடம் ஒரே ஒரு பத்திரிகைதான் இருக்கிறது. அமெரிக்காவிலிருந்து வருவது ஏப்ரலோடு நின்றுவிட்டது. போர் நேரத்தில் டாலரை மிச்சம் பிடிக்கவாம். சிட்னியில் இருக்கிற பழைய இதழ்களைத்தான் எல்லாரும் மாறி மாறிப் படிக்கிறார்கள்.

எல்லாரும் என்றால் விண்வெளிக் கதை ரசிகர் சங்கத்துப் பையன்கள். வியாழன்தோறும் கிளாரன்ஸ் விட்லோ வீட்டில் கூடுகிறார்கள். நான் போனதில்லை. தபால் வழி உறுப்பினர்தான். கடிதமும், எல்லாரையும்போல் வீட்டிலேயே பிரதியெடுத்த ஒற்றைத் தாள் பத்திரிகையும் அனுப்புவேன். கீழே "டி. கேரிட்டி" என்று போடுவேன். அவர்களுக்கு நான் ஒரு பையன்.

ஜூலை 11, வியாழன்

மெர்வின் ஸ்டோக்ஸிடமிருந்து கடிதம்.

அவனும் கிளாரன்ஸும் சேர்ந்து ஆரம்பித்த சங்கம் அது. மே மாதம் அவனை நீக்கிவிட்டார்கள். காரணத்தைக் கேட்டால் சிரிப்பு வரும். அமெரிக்காவிலிருந்து கடைசியாக வந்த மார்ச் இதழ் சங்கத்துக்குப் பொது. அதன் அட்டையில் யாரோ தேநீர்க் கோப்பையை வைத்து வட்டம் விழுந்துவிட்டது. மெர்வின்தான் என்றான் கிளாரன்ஸ். இல்லவே இல்லை என்றான் மெர்வின். அன்றிலிருந்து இருவரும் தங்கள் தாள்களில் ஒருவரை ஒருவர் கிழித்துக்கொண்டிருக்கிறார்கள்.

இன்று எனக்கு எழுதுகிறான்: "அந்த வட்டம் நான் வைத்ததுதான். சொல்ல வெட்கமாக இருந்தது. கிளாரன்ஸ் இல்லாத வியாழக்கிழமைகள் முடியவே மாட்டேன் என்கின்றன."

மூன்று தடவை படித்தேன். எனக்கும் வியாழக்கிழமைகள் அப்படித்தான்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. கடிதத்தின் தலையில் "அச்சுக்கு அல்ல" என்று இல்லாவிட்டால் அதை அச்சிடலாம். இவன் போடவில்லை. மறந்தானா? கிளாரன்ஸ் பார்க்கட்டும் என்றுதான் விட்டானா?

அம்மாவின் கேக் தட்டில் ஜெலட்டினும் கிளிசரினும் காய்ச்சி ஊற்றி, அவன் கடிதத்தை ஊதா மையில் எழுதிய தாளை அதன்மேல் ஒற்றி, முப்பது பிரதி எடுத்தேன். என் ஒற்றைத் தாள் பத்திரிகையின் ஐந்தாம் இதழ். மேலே வழக்கம்போல் முழு முகவரி. நாளைக் காலை எல்லாருக்கும் தபாலில் போகும்.

ஜூலை 12

விரல்களில் ஊதா போகவில்லை. பள்ளிக்கூடத்தில் சிஸ்டர் பார்த்தார். பேனா ஒழுகியது என்றேன். கடவுளே.

ஜூலை 20, சனி

இன்று நடந்ததை இப்போதே எழுதியாக வேண்டும்.

நூலகத்துக்குப் போவதாகச் சொல்லிவிட்டு ஊருக்குள் போனேன். சந்தை மூலையிலிருக்கும் பழைய புத்தகக் கடையில்தான் சனிக்கிழமை சங்கத்துப் பையன்கள் நிற்பார்கள். ஐந்தாறு பேர். பள்ளிக்கூடக் கையுறையோடு பக்கத்துப் பெட்டியைக் கிளறுகிற மாதிரி நின்றேன்.

ஒரு செம்பட்டைத் தலையன் என் தாளை வைத்துக்கொண்டு மூக்கால் அழுகிற குரலில் படித்தான். "வியாழக்கிழமை முடியவே மாட்டேங்குதே, கிளாரன்ஸு..."

"கர்சீப் குடுங்கடா பாப்பாவுக்கு!"

"அந்த கேரிட்டி சரியான ஆளுடா. ஒரே தாள்ல மெர்வின் கதைய முடிச்சுட்டான்."

"மெர்வின் அவன் வீட்டுக்கே போய் மூக்க உடைக்கப்போறானாம். அட்ரஸ்தான் தலையிலயே போட்டிருக்கானே."

உயரமாக, கண்ணாடி போட்டவனைத்தான் கிளாரன்ஸ் என்று கூப்பிட்டார்கள். அவன் மட்டும் சிரிக்கவில்லை. தாளைப் பிடுங்கி நான்காக மடித்துப் பையில் வைத்தான். "போதும்டா" என்றான்.

நான்தான், நான்தான் என்று கத்தத் தோன்றியது. மூன்றடி தூரம்தான்.

செம்பட்டைத் தலையன் என்னைப் பார்த்தான். "தங்கச்சி, காதல் கதையெல்லாம் அந்தப் பக்கம்."

போய்விட்டேன். காதல் கதைகள் இருந்த பக்கமே போய் நின்றேன்.

ஜூலை 22, திங்கள்

மெர்வினின் அஞ்சலட்டை. "ஞாயிறு மூன்று மணிக்கு வருகிறேன். ஆம்பிளையாக இருந்தால் வீட்டில் இரு."

அதற்குக்கூட நான் லாயக்கில்லை.

நல்லவேளை, அட்டை அம்மா கையில் கிடைத்தது. "யாருடி இந்த ஸ்டோக்ஸ்?" தோழியின் அண்ணன் என்றேன். நம்பவில்லை. ஆனால் அப்பாவிடம் சொல்லவும் இல்லை.

ஏன் அச்சிட்டேன்? அவர்கள் சேரட்டும் என்றா, சேர்த்துவைத்தது நான் என்று பேர் வரட்டும் என்றா?

ஜூலை 23, செவ்வாய்

ஆறாம் இதழ். நான்கே வரி. "மெர்வின் ஸ்டோக்ஸ் கேட்காமலே அவர் கடிதத்தை அச்சிட்டது என் தவறு. அவரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். உங்களில் யாரும் அப்படி ஒரு கடிதம் எழுதத் துணியமாட்டீர்கள். நான் பதினான்கு வயதுப் பெண். டெல்சி கேரிட்டி."

தபால்பெட்டி வாயில் கையை விட்டு, தாள்களை வெகுநேரம் விடாமல் பிடித்துக்கொண்டே நின்றேன். பிறகு விட்டேன்.

ஜூலை 24

ஒன்றும் வரவில்லை.

ஜூலை 25

ஒன்றுமில்லை. இன்று வியாழன். இந்நேரம் கூடியிருப்பார்கள். ஜன்னலில் விளக்கு எரியுமா? நாற்காலி போதுமா, தரையிலா உட்காருவார்கள்? ஒரே ஒரு தடவை, ஓரமாக, பேசாமல் உட்கார்ந்திருந்தால்கூடப் போதும் எனக்கு.

ஜூலை 27, சனி

சங்கத்தின் தாள் வந்தது. "டி. கேரிட்டி நீக்கப்படுகிறார். காரணம்: ஆள்மாறாட்டம். ஆதரவு ஐந்து. எதிர்ப்பு ஒன்று: தலைவர்."

தலைவர் என்றால் கிளாரன்ஸ். அந்த ஒரு வரியை எத்தனை தடவை படித்தேனோ.

மெர்வினிடமிருந்து எதுவும் இல்லை. அப்படியானால் நாளை வருகிறான்.

ஜூலை 28, ஞாயிறு

முதன்முறையாகப் பகலில் எழுதுகிறேன். மணி மூன்றாகப் பத்து நிமிடம். அம்மா சித்தி வீட்டுக்குப் போயிருக்கிறாள். அப்பா இரவு டிராம் ஓட்டிவிட்டு வந்து பின்னறையில் தூங்குகிறார். எழுந்துவிட்டால்—

வேலியில் சைக்கிள் சாய்கிற சத்தம். இன்னொன்றும். இரண்டா?

திரைச்சீலை வழியாகப் பார்த்தேன். கண்ணாடி போட்டவன் கிளாரன்ஸ். பக்கத்தில் குட்டையாக ஒருவன், கழுத்துவரை பொத்தான் போட்டு, தலையைப் படிய வாரி. மெர்வினாகத்தான் இருக்க வேண்டும். வாசற்படியில் நின்று சண்டை போடுகிறார்கள்.

"நீ தட்டு. மூக்க உடைக்கிறேன்னு கிளம்புனது நீதானே?"

"பொண்ணுன்னு தெரிஞ்சப்புறமுமா? நீ தட்டு. நீதான் தலைவர்."

"தலைவரும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஓட்டுல தோத்ததுமே விட்டுட்டு வந்துட்டேன்டா, மடையா."

"அப்ப நாம ரெண்டு பேருமே வெளியதானா?"

"மூணு பேரு. எண்ணக்கூடத் தெரியாதா உனக்கு?"

பின்னறையில் கட்டில் கிரீச்சிடுகிறது. அப்பாவுக்கு முன்னால் நான் போய்க் கதவைத் திறக்க வேண்டும். தட்டுகிறார்க—