மூன்றாம் குட்டையில் ஒரு முக்குளிப்பான்

அன்புள்ள வாலாட்டிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே இருவரும் நலம் என்று ஆரம்பித்து இரண்டு தாளைக் கிழித்துப் போட்டாயிற்று. நான் நலம். அப்பாவைப் பற்றி அப்படி ஒரே வார்த்தையில் எழுதக் கை வரவில்லை, அதற்காகத்தான் இந்தக் கடிதம். நீ நலமா என்று கேட்பதும் இந்தத் தடவை வழக்கத்துக்காக இல்லை, உன் கண்களைப் பற்றிக் கேட்கிறேன், காரணத்தைப் பின்னால் சொல்கிறேன், பதற்றப்படாமல் வரிசையாகப் படி. போனில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பாய். இரண்டு அறை வீட்டில் எதை ரகசியமாகப் பேச முடியும், அதுவும் அப்பாவின் காது இப்போது சுவருக்கு அந்தப் பக்கம் ஸ்பூன் விழுந்தாலும் எந்த ஸ்பூன் என்று சொல்கிறது. வருகிற செய்திகளை எல்லாம் போனே சத்தமாகப் படிக்கும்படி வைத்திருக்கிறார். கண்ணாடி தேட வேண்டாம் பார், வசதி, என்றார். நானும் வசதி என்றுதான் நினைத்தேன். இதை அலுவலகத்தில், எல்லாரும் கிளம்பிய பிறகு, கடைத் தராசுகளைச் சோதிக்கும் எடைக்கற்கள் வைக்கும் அலமாரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

கருங்கழுத்து முக்குளிப்பான் பறவையைப் பார்க்க லீவு போட்டு வருகிறேன் என்று நீ அப்பாவிடம் சொன்னதிலிருந்து மனிதர் தரையில் நடக்கவில்லை. எங்கே நிற்க வேண்டும் என்று உனக்குச் சொன்னதையே ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார், கழிவுநீர்ப் பண்ணை, மூன்றாம் குட்டை, கிழக்குக் கரை, துருப்பிடித்த ஏணி, எட்டு மணிக்கு முன்னால், வெயில் முதுகில் விழும்படி. வழி சொல்வதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை, அது உனக்கே தெரியும். ஆனால் கண்ணே, அந்தக் குட்டையில் முக்குளிப்பான் இல்லை. இதை நான்தான் உனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இருக்கிறது என்று முத்திரை குத்தியவளும் நான்தான்.

பறவைக் குழுவின் குளிர்காலப் பதிவேட்டை நான் சரிபார்க்கிறேன் என்பது உனக்குத் தெரிந்ததுதான். யார் எந்த அபூர்வப் பறவையைப் பார்த்ததாக எழுதினாலும் தேதி, நேரம், இடம், அடையாளம் எல்லாம் பார்த்து ஏற்பதா தள்ளுவதா என்று நான் முடிவு செய்ய வேண்டும். பதினோரு வருஷமாகச் செய்கிறேன், கல்நெஞ்சக்காரி என்று பெயரும் வாங்கியிருக்கிறேன். போன வாரத்துக்கு முந்தின புதன்கிழமை அப்பா ஒரே நாளில் இரண்டு பதிவு அனுப்பியிருந்தார். ஒன்று இந்த முக்குளிப்பான், பார்த்தது, கண் சிவப்பு, கழுத்து கறுப்பு, கன்னம் வெள்ளை, அடிக்கடி முங்குகிறது. இன்னொன்று காணாங்கோழிகளில் குளிர்காலத்துக்கு மட்டும் வரும் அந்தப் பழுப்பு இனம், அதே ஏணிக்குப் பின்னால் நாணலுக்குள், குரல் மட்டும். முதலாவதை ஏற்றேன். இரண்டாவதை, குரல் மட்டும் போதாது என்று எழுதித் தள்ளினேன். சாப்பிட உட்கார்ந்தபோது அப்பா, "என்ன மேடம், ஒண்ணு பாஸ், ஒண்ணு ஃபெயிலா?" என்றார். "பார்த்தாத்தான் பாஸ்" என்றேன். சிரித்தார்.

நான் ஏற்றதை நம்பித்தான் ஞாயிற்றுக்கிழமை ஆறு பேர் வந்தார்கள். உனக்குத் தெரிந்த பல் டாக்டர், வங்கிக்காரர், பீரங்கி மாதிரி லென்ஸ் தூக்கி வருவாரே அந்த பீரங்கி, அவருடைய அக்கா, இன்னும் இரண்டு பேர் மூன்று மணி நேரம் பயணம் செய்து வந்தவர்கள். பனி விலகிய பிறகு அப்பா ஏணிக்குப் பக்கத்தில் நின்று, "அதோ, நாணல் முனைக்கு ரெண்டு விரல் இடது பக்கம்" என்று கை நீட்டினார். நான் தொலைநோக்கியில் பார்த்தேன். கறுப்பும் வெள்ளையுமாக ஒரு பிளாஸ்டிக் மிதவை, உச்சியில் சிவப்பு வில்லை. குழாயில் தண்ணீர் வரும்போது முங்குகிறது, நின்றதும் மேலே வருகிறது. எனக்கு அடுத்து பல் டாக்டர் அதே தொலைநோக்கியில் பார்த்தார். நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். பிறகு அப்பாவிடம், "ஆமா சார், இருக்கு. அழகா இருக்கு" என்றார். அதற்குப் பிறகு மற்றவர்களால் வேறு என்ன சொல்ல முடியும். வங்கிக்காரர், "கண்ணு என்ன சிவப்பு சார்" என்றார். பீரங்கி நாலு படம் எடுத்து, திரையில் பெரிதாக்கிப் பார்த்து, லென்ஸை மூடிவிட்டு, "பேட்டரி போயிடுச்சு சார், நம்ம ராசி அப்படி" என்றார். அவருடைய அக்கா மட்டும் மூக்கைச் சிந்துகிற சாக்கில் திரும்பிக்கொண்டார். அன்று மாலையே ஆறு பேரும் பார்த்ததாகப் பதிவு அனுப்பிவிட்டார்கள், அப்பா சொன்ன அடையாளங்களை அப்படியே எழுதி. பொய் என்று எனக்குத் தெரிந்த ஆறு பதிவுகள், ஆறும் நல்ல மனசால் எழுதப்பட்டவை, ஐந்து நாளாக என் மேசையில் கிடக்கின்றன. வீட்டுக்குத் திரும்பும்போது அப்பா, "நீ ஒண்ணுமே சொல்லலையே" என்றார். தூரத்தில் இருந்தது என்றேன். ம் என்றார்.

திங்கட்கிழமை பண்ணையின் எலக்ட்ரீஷியனுக்கு போன் செய்தேன். "ஆமாங்க, தண்ணி மட்டம் காட்டுற மிதவை, நான்தான் போன மாசம் மாட்டினேன், ஏன், திருட்டுப் போயிடுச்சா?" என்றார். இல்லை, பத்திரமாக இருக்கிறது என்றேன். அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. மிதவையைப் பறவை என்று பார்க்கும் கண் பள்ளி வேன் ஓட்டுகிறது, வேனில் பதினாலு குழந்தைகள், இதைத் தவிர வேறு நினைப்பே இல்லை. நேராக அப்பாவிடமே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமை மதிய இடைவேளையில் வேன்காரம்மா வீட்டுக்குப் போனேன், அப்பா முதுகுக்குப் பின்னால் கோள் சொல்லத்தான் போனேன், அதை அழகாக எழுதி என்ன பயன். நான் வாயைத் திறப்பதற்குள் அந்தம்மா, "வாங்கம்மா, சாருக்கு இப்ப தேவலையா?" என்றார். எனக்குப் புரியவில்லை. "உங்களுக்குத் தெரியாதா? நாலு வாரம் ஆச்சே. சாவியக் கொண்டாந்து மேசையில வெச்சாரு, வேற ஆளப் போட்டுக்கங்கன்னாரு. ஏன்னு கேட்டா, ஓட்டும்போது தூக்கம் வருதுன்னாரு. புள்ளைங்கதான் ரெண்டு நாள் முகத்தத் தூக்கிவெச்சுக்கிட்டுச்சு" என்றார். அந்தப் பழைய சோபாவில் உட்கார்ந்துகொண்டு எனக்கு முதலில் வந்தது நிம்மதி, அதைச் சொல்லியே ஆக வேண்டும். பிறகுதான் மற்றது எல்லாம் வந்தது. நாலு வாரமாக நான் தினமும் காலை ஆறரை மணிக்குச் சீருடைச் சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுக்கிறேன், சாப்பாட்டு டப்பாவைக் கட்டுகிறேன், அவர் பார்த்துப் போய் வருகிறேன் என்று கிளம்புகிறார். எந்த பஸ் என்று யாரைக் கேட்டு ஏறுகிறாரோ.

பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். நாலு வாரத்தில் அப்பா அனுப்பிய பதிவுகள் பத்தொன்பது. நேரம் ஏழு நாற்பது, எட்டு ஐந்து, ஏழு ஐம்பது. அந்த நேரத்தில் வேன் பள்ளிக்கூட வாசலில் நிற்க வேண்டும். சூரியோதய நேரம் கால் மணி தவறாகப் போட்டதற்காக வங்கிக்காரரின் பதிவைத் திருப்பி அனுப்பியவள் நான், கூடவே சாப்பிடும் மனிதரின் நேரத்தைப் பார்த்தும் பார்க்காமல் பத்தொன்பதிலும் நேரம் சரி என்று குறி போட்டிருக்கிறேன். அப்பாவின் பறவை நோட்டின் கடைசி உறைக்குள் கண் டாக்டரின் சீட்டு இருந்தது. ஒன்றரை மாதத்துக்கு முன் தேதி, தனியாகவே போயிருக்கிறார். விழித்திரையின் நடுப்பகுதி இரண்டு கண்ணிலும் கெட்டுக்கொண்டு வருகிறதாம், நடுப்பார்வை போகும், ஓரப்பார்வை நிற்கும், இப்போதைக்கு மருந்து இல்லை, பரம்பரையாக வரக்கூடியது, பிள்ளைகளுக்குப் பரிசோதனை அவசியம் என்று எழுதியிருக்கிறது. கடைசி வரிக்குக் கீழே அப்பா பென்சிலால் கோடு போட்டு, வாலாட்டி என்று எழுதியிருக்கிறார். எழுத்து வரியை விட்டு எங்கேயோ போயிருக்கிறது. உனக்குச் சொல்ல அவரும் வழி தேடிக்கொண்டிருக்கிறார் போலிருக்கிறது, கிடைக்கவில்லை.

நேற்று அரை நாள் விடுப்பு எடுத்து அவருக்குப் பின்னாலேயே போனேன். வாசல் காவலாளி, "சார் உள்ளதான் இருக்காரு" என்றார், என்னவோ அது அவருடைய அலுவலகம் மாதிரி. பனி இருந்தது, சால்வையைத் தலைக்குச் சுற்றியிருந்தேன். அப்பா ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்திருந்தார். பைனாகுலர் கழுத்தில் தொங்கியது, எடுக்கவில்லை, தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். இருபதடி தள்ளி பம்ப் அறைச் சுவரோரம் நான் நின்றேன். கொஞ்ச நேரத்தில் நாணலுக்குள்ளிருந்து பன்றிக்குட்டி வீறிடுவது போல ஒரு சத்தம் வந்து, அப்படியே இறங்கித் தேய்ந்தது, பிறகு இன்னொரு தடவை. சந்தேகமே இல்லை, அந்தக் காணாங்கோழிதான். அப்பா நோட்டில் ஏதோ எழுதினார். ஆக, இல்லாத பறவையை ஏற்று, இருக்கிற பறவையைத் தள்ளியிருக்கிறேன். என் காலடியில் சரளை நகர்ந்துவிட்டது போலிருக்கிறது, அவர் திரும்பி என் பக்கம் முகத்தைக் காட்டி, "யாருங்க, முக்குளிப்பான் பாக்க வந்தீங்களா? இப்படி ஏணிகிட்ட வாங்க, இங்கேருந்துதான் நல்லாத் தெரியும்" என்றார். கொஞ்சம் நகர்ந்து உட்கார இடமும் விட்டார். இருபத்தாறு வருஷம் கூட இருந்தவள் பதில் சொல்லாமல் திரும்பி வந்துவிட்டேன். இரவு, வேன் டயர் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "புதுசு மாட்டிட்டாங்க, இப்ப குலுங்கறதே இல்ல" என்றார். நல்லதாயிற்று என்றேன்.

என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. முக்குளிப்பானை ரத்து செய்தால் குழுவில் எல்லாருக்கும் அறிவிப்பு போகும், போன் அதை அவருக்குச் சத்தமாகப் படிக்கும், என் பெயரோடு. ரத்து செய்யாவிட்டால் இன்னும் ஆட்கள் வருவார்கள், எல்லாரும் பல் டாக்டர் மாதிரி இருக்க மாட்டார்கள். எதையும் அளந்து பார்த்துச் சொல்லிவிடலாம் என்றிருந்தவள் நான். இதற்கு என் அலமாரியில் எடைக்கல் இல்லை. காணாங்கோழிப் பதிவை மட்டும் நேற்றே ஏற்றுவிட்டேன். போன் அதைப் படித்தபோது அப்பா சமையலறையைப் பார்த்து, "என்ன மேடம், மறுகூட்டலா?" என்றார். அதைத் தவிர இந்த வாரம் நான் உருப்படியாக எதுவும் செய்யவில்லை.

நீ லீவை ரத்து செய்யாதே, வா. அவர் ஏணிக்குக் கூட்டிப்போய்க் கை நீட்டும்போது என்ன சொல்வாய் என்பதை உன்னிடமே விடுகிறேன், இப்படிச் சொல் என்று சொல்லித்தர எனக்கு யோக்கியதை இல்லை. அதற்குப் பிறகு, நாணலுக்குள் இருப்பதைக் கேட்க வேண்டும் என்று சொல், அது நிஜம். வருவதற்கு முன்னால் கண் டாக்டரிடம் போ. நாளெல்லாம் நுண்ணோக்கியில் குனிந்திருக்கிறவள், தள்ளிப்போடாதே, விழித்திரையைப் பார்க்க வேண்டும் என்று நீயே கேள், வெறும் கண்ணாடி எழுதிக் கொடுத்தால் எழுந்து வராதே. முடிவு எதுவானாலும் தாளில் எழுதி என் அலுவலக முகவரிக்கு அனுப்பு. நான் தாங்குவேன், தாங்காவிட்டாலும் எனக்குத் தெரிய வேண்டும்.

இன்னும் ஒன்று. ஒரு மாதமாக அப்பா என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை, காதுக்கு அந்தப் பக்கம் கதவைப் பார்த்தே பேசுகிறார், என்மேல் ஏதோ கோபம் என்று நானும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நடுவில் தெரியாதவர்கள் ஓரத்தால்தான் பார்ப்பார்களாம், நேற்றுதான் படித்தேன். நீ வந்ததும் உன்னை விட்டு வேறு எங்கோ பார்த்தபடி பேசுவார். அங்கே என்ன என்று திரும்பிப் பார்க்காதே, நகராதே, அப்படியே நில். அப்போதுதான் உன்னைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

உன் உடம்பும் கண்ணும் குறையின்றி இருக்கட்டும்.

அன்புடன்,
அம்மா