ஒரு மணி நேர வீடியோ

ஜூன் 4, புதன், ராஜபாளையம்

பெருநாளைக்கு லீவு கிடைக்கலைன்னு மகள் பெங்களூர் லேப்ல இருந்து போன் பண்ணினாள். கூடவே பத்து விநாடி வீடியோ ஒன்றும் அனுப்பியிருந்தாள். மெல்லிசான நூலில் ஒரு கட்டி தெரிந்தது. முப்பது வருசம் மில்லில் நூல் பார்த்த கண்ணாச்சே!

"நூல்ல கட்டி விழுந்திருக்கேம்மா."

சிரித்துவிட்டாள்.

"அத்தா, அது வளர்ற நரம்பு செல். கட்டி இல்ல, மைட்டோகாண்ட்ரியா. உள்ள இருக்க தடத்து வழியா மோட்டார் புரதம் அதை நுனிக்கு இழுத்துட்டுப் போகுது. நின்னு நின்னுதான் போகும், ஒரு மணி நேரமாகும். அம்புட்டு நேரம் உங்களுக்குப் பார்க்க ஏலாதுன்னு வேகமா ஓட்டி அனுப்பினேன்."

சரிம்மா என்று வைத்துவிட்டேன்.

ஓட்டாமலே அனுப்பச் சொல்லியிருக்கலாம். அந்த ஒரு மணி நேரமும் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாதிரி இருந்திருக்கும்.