எந்தத் தெரு மாவு

நவ. 4, செவ்வாய்

இந்த ஊரில் யாரும் மாவை வாங்குவதில்லை. தெருவை வாங்குகிறார்கள். எழுதி வைக்கிறேன், நாளைக்கு எனக்கே சந்தேகம் வரக்கூடாது.

காலையிலிருந்து தூறல். இட்லி மாவு சரியாகப் பொங்கவில்லை.

போன வாரம் விழுப்புரத்தில் சிறுதொழில் வகுப்பு. பயிற்சியாளர் சொன்னது: ஆளை வரவழைப்பது மார்க்கெட்டிங், வந்தவர் வாங்கிப் போவது சேல்ஸ். "ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்க." பக்கத்தில் முகையூர்க்காரர், மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உருண்டை போடுகிறவர், என் காதில்: "எனுக்கு ரெண்டுமே வரல. குழப்பம் எங்கேர்ந்து வரும்?"

எனக்கு ஒன்று வருகிறது. மாவு அரைப்பதை வீடியோ எடுத்துப் போட்டதிலிருந்து ஃபோன் ஓயவில்லை. இன்று திண்டிவனத்திலிருந்து ஒரு அம்மா.

"எங்கேர்ந்தும்மா பேசற?"

"பிரம்மதேசம் போற வழிங்க."

"ஊரா, காலனியா?"

"காலனிங்க."

"சரிம்மா, வூட்ல கேட்டுட்டு சொல்றேன்."

சொல்ல மாட்டாள்.

வாங்க: உளுந்து, வெந்தயம், ரப்பர் பேண்ட்.

நவ. 5, புதன்

மழை விட்டது. திண்டிவனம் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து மளிகைக்கடைக்கு முதல் பாக்கெட்டுகள். முன்பே சாம்பிள் கொடுத்திருந்தேன், கடைக்காரர்தான் கொண்டுவரச் சொன்னார்.

"எங்க வூட்ல சட்னிகூட இல்லாம துன்னுட்டாங்க பாப்பா" என்றவர் பாக்கெட்டைத் திருப்பினார். லேபிளைப் படித்தார். குரல் இறங்கியது.

"அட்ரஸ மட்டும் வேற போட்டுக்கினு வா. எனுக்கு ஒண்ணும் இல்ல. வர்ற ஜனம் பேஜாரு பண்ணும்."

யாருக்குமே ஒன்றும் இல்லை. எப்போதும் வர்ற ஜனத்துக்குத்தான்.

"உங்க பின்னணிதான் உங்க பலம்" என்று வகுப்பில் சொன்னதை நம்பி, காலனி என்பதையும் பெரிய எழுத்தில் அச்சடித்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். இல்லை, என் புத்தியை ஏன்?

நவ. 6, வியாழன்

பயிற்சியாளருக்கு ஃபோன். "அட்ரஸும் பிராண்டிங்தான் மேடம். டவுன்ல ஃபிரெண்டு வீட்டு அட்ரஸ் போட்டுக்கோங்க."

ஆக, என்னை ஒளித்து வைப்பதும் மார்க்கெட்டிங்.

அம்மா கிரைண்டர் கல்லைக் கழுவிக்கொண்டே: "மாத்திடுடி. உன் ரோஷம் தீர்ற வரிக்கும் மாவு புளிக்காம குந்திக்கினு இருக்குமா?"

கடையிலிருந்து திரும்பி வந்த பாக்கெட்டுகளால் ஃபிரிட்ஜில் இடம் இல்லை. கிரைண்டரில் புதுச் சத்தம். அம்மாவுக்குத் தைலம் தீர்ந்துவிட்டது.

மிஞ்சியதில் தெருவுக்கே தோசை. எல்லாருக்கும் பிடித்தது. அவர்கள் வாங்க மாட்டார்கள், வீட்டிலேயே அரைக்கிறார்கள்.

நவ. 7, வெள்ளி

நல்ல வெயில். மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு பொங்கியிருந்தது. பார்க்கவே எரிச்சல்.

லேபிளை மாற்றவில்லை. அதே கடை. டப்பாவில் இட்லியும் கொண்டுபோனேன். கடைக்காரர் ஒன்றை விண்டு தின்றார். கேட்காமலே இன்னொன்று எடுத்தார்.

"மாவுல இன்னா குறைண்ணா? அத மட்டும் சொல்லுங்க. திருத்திக்கினு வர்றேன்."

பின்னால் நின்றவர் கோதுமை மாவு கேட்டார். கடைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு எடுத்துக் கொடுத்தார். வந்தவர் பையில் போட்டுக்கொண்டு போனார். அது எந்த ஊர் மாவு, எந்தத் தெரு, திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

"சொல்லுங்கண்ணா."